கரையோர மக்களைக் கேளாத வெள்ளத் திட்டங்கள்

அசாம் மாநிலத்தின் பராக் பள்ளத்தாக்கில், சில்சார் நகரை ஒட்டிய பெத்துகாண்டியில் ஒரு தடுப்புக்கரை இருக்கிறது. 2022 மே மாதத்தில் அந்தக் கரையின் ஒரு பகுதி வெட்டிவிடப்பட்டது. கரைக்கு உட்புறத்தில் மஹிஷா பீல் என்னும் தாழ்நிலப் பகுதியில் மழைநீர் தேங்கி நின்றது. அந்த நீர் ஆற்றில் வடிவதற்கு முறையான வழி இல்லை. நீரில் தவித்தவர்கள் தாங்களே ஒரு வழியை வெட்டிக்கொண்டார்கள். ஏறத்தாழ நான்கு வாரங்களில் பராக் ஆறு பெருகியது. அடைக்கப்படாமல் கிடந்த அந்த வெட்டின் வழியாக ஆறு நகருக்குள் புகுந்தது. ஒரு மாவட்டத் தலைநகரின் பெரும்பகுதி நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தது.

அதன்பின் நடந்தது இன்னும் கேடானது. சமூக ஊடகங்களில் 'வெள்ள ஜிகாத்' என்ற சொல் கிளப்பப்பட்டது. இஸ்லாமியர்கள் திட்டமிட்டு நகரை மூழ்கடித்தார்கள் என்று கதை கட்டப்பட்டது. வடிகால் இல்லாத ஒரு தாழ்நிலத்தின் நெடுநாள் துயரம் மதவெறிப் பிரச்சாரத்திற்குத் தீனியாக்கப்பட்டது. ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. கரை வெட்டப்பட்ட நாளுக்கும் ஆறு புகுந்த நாளுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு மாதம் இருந்ததே, அதை அடைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? உட்புறத்தில் தவித்த மக்களும் மறுபுறத்து நகரவாசிகளும் ஒரே இடத்தில் அமர்ந்து, வடிகாலும் வேண்டும், கரையும் வேண்டும் என்று பேசித் தீர்க்க ஏன் ஒரு மன்றம் இல்லாமல் போயிற்று?

ஆண்டுதோறும் பருவமழை வருகிறது. ஆண்டுதோறும் ஆய்வுக் கூட்டங்கள் நடக்கின்றன. தயார் நிலை குறித்த அறிக்கைகள் வெளியாகின்றன. அமைச்சர்கள் ஹெலிகாப்டரில் பறந்து பார்வையிடுகிறார்கள். வெள்ளத்தோடு வாழ்கிற மக்களிடம் மட்டும் மழைக்கு முன்னால் யாரும் எதையும் கேட்பதில்லை. இந்திய நாட்டின் வெள்ள மேலாண்மையில் உள்ள ஆழமான கோளாறு இதுதான். இது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, ஜனநாயகக் கோளாறு.

சட்டம் சொல்வதும் நடப்பதும்

1976இல் அமைக்கப்பட்ட தேசிய வெள்ள ஆணையம் 1980இல் தந்த அறிக்கையில், நாட்டில் ஏறத்தாழ 4 கோடி ஹெக்டேர் நிலம் வெள்ள அபாயத்திற்கு உட்பட்டது என்று கணக்கிட்டது. நாட்டின் மொத்தப் பரப்பில் இது எட்டில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் வாழும் கோடிக்கணக்கான மக்களின் பாதுகாப்பை தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் அமர்ந்து வகுத்துவிட முடியாது. அரசியல் சாசனமும் அப்படிச் சொல்லவில்லை.

73ஆவது, 74ஆவது அரசியல் சாசனத் திருத்தங்கள் ஊராட்சிகளையும் நகராட்சிகளையும் சுயாட்சி அமைப்புகளாக அங்கீகரித்தன. நீர் மேலாண்மையும் நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடும் ஊராட்சிகளுக்கு உரிய 29 துறைகளில் இடம்பெற்றுள்ளன. நகரத் திட்டமிடல், நிலப்பயன்பாட்டு ஒழுங்குமுறை, கட்டட அனுமதி ஆகியவை நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகளில் உள்ளன. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். மாவட்டத் திட்டக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சி அமைப்புகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அந்தக் குழு கிராமங்களுக்கும் நகரங்களுக்கும் இடையிலான நீர்ப் பகிர்வையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் கணக்கில் கொண்டு திட்டம் தீட்ட வேண்டும். பெத்துகாண்டி போன்ற சிக்கல்களைத் தீர்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான மேடை வேறெது?

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்துத் தயாரிக்கப்பட வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. மாவட்ட ஆட்சியர் தலைவராக உள்ள மாவட்ட ஆணையத்தில், உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவராக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நடைமுறையில் பெரும்பாலான மாவட்டங்களில் அந்த இணைத் தலைமை காகிதத்தோடு நின்றுவிடுகிறது. திட்டம் என்பது தொலைபேசி எண்களும் நிவாரண முகாம்களின் பெயர்களும் அடங்கிய ஒரு கோப்பு; அது ஆண்டுதோறும் தேதி மாற்றி அச்சிடப்படுகிறது.

இருந்த இந்தச் சிறு ஏற்பாட்டையும் ஒன்றிய அரசு இப்போது சுருக்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் மக்களவையிலும் 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறி, அதே ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகள் உள்ள நகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களை உருவாக்க வழிசெய்கிறது. நகர வெள்ளத்திற்குத் தனி அமைப்பு தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த ஆணையத்தின் தலைவர் யார்? மாநகராட்சி ஆணையர். துணைத் தலைவர் யார்? மாவட்ட ஆட்சியர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மேயருக்குத் தலைமையில் இடமில்லை. மாவட்ட அளவில் இணைத் தலைவர் என்ற பெயரிலாவது மக்கள் பிரதிநிதிக்கு இருக்கை தந்தது 2005ஆம் ஆண்டுச் சட்டம். இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த திருத்தம், நகரங்களில் அந்த இருக்கையையும் போடவில்லை. அதிகாரப் பரவலைப் பற்றி மேடைதோறும் பேசுகிறவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

கோசி சொல்லும் பாடம்

மக்களைக் கேட்காமல் வெள்ளத்தைத் தடுக்க முயன்றால் என்ன நடக்கும் என்பதற்கு வடபிகார் எழுபது ஆண்டுக் காலச் சாட்சி. 1954இல் நேபாளத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து கோசி ஆற்றின் இருபுறமும் கரைகள் எழுப்பப்பட்டன. அப்போது பிகாரில் இருந்த தடுப்புக்கரைகளின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். இன்று அது 3,500 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கரைகள் நீண்ட அளவுக்கு வெள்ளம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 1950களின் தொடக்கத்தில் 25 லட்சம் ஹெக்டேராக இருந்த வெள்ள அபாயப் பகுதி, 1990களில் ஏறத்தாழ 69 லட்சம் ஹெக்டேராக உயர்ந்தது.

காரணம் கடினமானதல்ல. இமயத்திலிருந்து வண்டலைச் சுமந்து வரும் ஆறு, விரிந்து பரவ இடமின்றிப் போனால் தன் படுகையிலேயே வண்டலைக் கொட்டுகிறது. படுகை உயர்கிறது. கரைக்கு வெளியே உள்ள நிலத்தைவிட ஆறு மேலே ஓடத் தொடங்குகிறது. துணையாறுகளின் நீரும் மழைநீரும் கரையைக் கடந்து ஆற்றில் கலக்க வழியின்றி வெளிப்புறத்தில் தேங்குகின்றன. கரை உடைந்தாலோ, பல ஆண்டுகளாகச் சேர்ந்த அபாயம் ஒரே இரவில் இறங்கிவிடுகிறது.

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாஹாவில் கோசியின் கரை உடைந்தபோது நடந்தது அதுதான். வினாடிக்கு 9 லட்சம் கன அடிக்கும் மேலான நீரைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட அமைப்பு அது. அன்று ஆற்றில் ஓடியது 1.5 லட்சம் கன அடிக்கும் குறைவு. உடைப்புக்குக் காரணம் பெருமழையல்ல, பராமரிப்பின்மை. சுபோல், மதேபுரா, சஹர்சா, அராரியா, பூர்ணியா மாவட்டங்களில் முப்பது லட்சத்திற்கும் அதிகமான மக்கள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கரையின் பாதுகாப்பை நம்பி, வெள்ளத்தையே மறந்து வாழ்ந்தவர்கள்.

இரு கரைகளுக்கும் இடையில் சிக்கிய முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்களின் கதை தனி. வெளிப்புறத்து மக்களைக் காப்பதற்காக ஆற்றின் வழியிலேயே விடப்பட்டவர்கள் அவர்கள். மறுகுடியமர்த்தலுக்காகத் தரப்பட்ட மனைகள் பல இடங்களில் நீர் தேங்கிய பள்ளங்களாக இருந்தன. வயல்களோ கரைக்கு உள்ளே இருந்தன. வயலைத் தேடி மக்கள் திரும்பிச் சென்றார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் வீர்பூர் தடுப்பணையிலிருந்து வினாடிக்கு 6.61 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. 1968க்குப் பின் இதுவே மிக அதிகம். அந்த நீர் முதலில் சூழ்ந்தது கரைகளுக்கு இடையிலான கிராமங்களைத்தான். ஏழு தசாப்தங்களில் ஒருமுறையேனும் அந்தக் கிராம சபைகளின் முன் கரையின் திட்ட வரைபடத்தை விரித்து, ஒப்புதல் கேட்ட அரசு உண்டா? காங்கிரஸ் ஆட்சியிலும் இல்லை. அதன்பின் வந்த எந்த ஆட்சியிலும் இல்லை. உடைப்பு ஏற்பட்டதும் மீண்டும் ஒப்பந்தம், மீண்டும் மண் கொட்டுதல், மீண்டும் உயர்த்துதல். ஒப்பந்ததாரர்களுக்கு வெள்ளம் ஆண்டு அறுவடை. கிராமத் தொழிலாளர்களுக்கோ அது பஞ்சாபுக்கும் தில்லிக்கும் ரயில் ஏறும் பருவம்.

மன்றமில்லாத மாநகரங்கள்

நகரங்களின் நிலை வேறுவகையில் மோசம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நகரின் மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையையே தாங்கக் கூடியவை. அதை இரட்டிப்பாக்குவதற்கான திட்ட அறிக்கை 1993இலேயே தயாராகி உறங்கிக்கொண்டிருந்தது. மித்தி ஆற்றின் கழிமுகத்தையும் சதுப்புக் காடுகளையும் சுருக்கி வணிக வளாகங்கள் எழும்பியிருந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்ட அந்தப் பேரழிவுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவிடப்பட்டது. ஆனால் எந்த வார்டில் எந்த வடிகால் எப்போது அகலப்படுத்தப்படும் என்று மக்கள் கேட்கவும், அதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் ஏற்படவும் ஒரு மன்றம் தேவை. 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த மும்பை மாநகராட்சி, அதன்பின் நான்கு பருவமழைக் காலங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமலே கடந்தது.

பெங்களூரிலும் இதே கதை. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. சரியாக இரண்டாண்டு கழித்து, 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூரைச் சுற்றிய பகுதிகளும் மூழ்கின. பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஊழியர்கள் டிராக்டர்களில் அலுவலகம் சென்ற படங்கள் உலகெங்கும் பரவின. வீடுகளில் துப்புரவுப் பணி செய்யும் பெண்களும் கட்டடத் தொழிலாளர்களும் தங்கியிருந்த தகரக் கொட்டகைகள் மூழ்கிய படங்கள் அவ்வளவு பரவவில்லை. ஏரிக்கு ஏரி நீரைக் கடத்தி வந்த ராஜகால்வாய்கள் எங்கே மறைந்தன, யாருடைய அடுக்குமாடிகளுக்கு அடியில் புதைந்தன என்று கேட்க, அன்று அந்த மாநகரில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

இவை விதிவிலக்குகள் அல்ல. 74ஆவது திருத்தத்தின் அமலாக்கம் குறித்து 18 மாநிலங்களில் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை நடத்திய ஆய்வுகள் ஓர் உண்மையை வெளிச்சமிட்டன. நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகளில் சராசரியாக 17 பணிகள் காகிதத்தில் ஒப்படைக்கப்பட்டுள்ளன; முழுத் தன்னாட்சியோடு ஒப்படைக்கப்பட்டவை நான்கே. நகரத் திட்டமிடல் வளர்ச்சி ஆணையங்களின் கையில். வடிகால் ஒரு வாரியத்தின் கையில். ஏரி இன்னொரு துறையின் கையில். வெள்ளம் வரும்போது மட்டும் திட்டு வாங்குவது மாநகராட்சி.

ஆக்கிரமிப்பாளர் யார்?

2023 ஜூலை 13 அன்று தில்லியில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இன் 207.49 மீட்டர் என்ற பழைய உச்சத்தை அது கடந்தது. ஐடிஓ தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து மதகுகள் வண்டல் அடைத்துத் திறக்க முடியாமல் இருந்தன. தடுப்பணை இருப்பது தில்லியில். பராமரிப்பு அரியானா அரசின் பொறுப்பில். வெள்ளச் சமவெளி ஒன்றிய அரசின் கீழ் உள்ள தில்லி வளர்ச்சி ஆணையத்தின் பிடியில். நகர வடிகால்கள் பல அமைப்புகளின் வசம். ஆளுக்கொரு கையாக யமுனையைப் பிடித்திருந்தார்கள். மதகைத் திறக்க ஒரு கையும் இல்லை.

வெள்ளம் வடிந்ததும் குற்றவாளிகளைத் தேடும் படலம் தொடங்கியது. எப்போதும்போல் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஆற்றோரத்துக் குடிசைவாசிகளும் காய்கறி பயிரிடும் குத்தகை விவசாயிகளும்தான். 2004இல் யமுனா புஷ்தாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டு, அவர்கள் பவானா போன்ற நகரின் விளிம்புகளுக்குத் தூக்கியெறியப்பட்டார்கள். ஆற்றைக் காப்பதற்காக என்று சொல்லப்பட்டது. அடுத்த ஆறே ஆண்டுகளில் அதே ஆற்றின் வெள்ளச் சமவெளியில் காமன்வெல்த் விளையாட்டுக் கிராமத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன. கிழிந்த தார்ப்பாயின் கீழ் இருந்தவர் ஆக்கிரமிப்பாளர். கான்கிரீட் தூண் எழுப்பியவர் வளர்ச்சியாளர். வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் ஏழைகளின் நிலத்தைக் காலி செய்து, அதே நிலத்தில் ஆற்றுமுகப்புப் பூங்காக்களையும் வணிக வளாகங்களையும் எழுப்பும் போக்கு பல நகரங்களில் வேரூன்றி வருகிறது. வெள்ள அபாயத்தில் உள்ளவர்களைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றுவது தேவையே. ஆனால் அதை அவர்களோடு பேசி, வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தொலைவில் வீடு தந்து, அவர்கள் ஒப்புதலோடு செய்வதற்கும், விடியற்காலையில் புல்டோசரை அனுப்புவதற்கும் இடையே உள்ள வேறுபாடுதான் ஜனநாயகம்.

வெள்ளச் சமவெளிகளை வகைப்படுத்திக் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்தும் மாதிரி மசோதாவை ஒன்றிய அரசு 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தரகாண்ட், முன்னாள் ஜம்மு காஷ்மீர் மாநிலம் ஆகியவையே சட்டம் இயற்றின. அங்கும் சமவெளிகளை அளந்து எல்லை குறிக்கும் வேலை முடியவில்லை. நிலத்தின் விலை உயர உயர, அந்த எல்லைக்கோட்டை வரையும் கை தயங்குகிறது.

கேரளம் காட்டும் வழியும் அதன் எல்லையும்

மாற்று வழி இல்லையா? இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளம் நூற்றாண்டு காணாத வெள்ளத்தைச் சந்தித்தது. ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் 19 வரை இயல்பைவிட 42 சதவீதம் அதிக மழை. 54 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். 14 லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். 433 பேர் உயிரிழந்தனர். அந்நாட்களில் மீனவர்கள் கேட்பாரின்றித் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகளில் அவர்கள் மீட்ட மக்கள் ஏறத்தாழ 65 ஆயிரம் பேர். நிவாரண முகாம்களை நடத்துவதிலும், சேறு படிந்த வீடுகளைக் கழுவுவதிலும், கிணறுகளைத் தூய்மை செய்வதிலும் ஊராட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் முன்நின்றார்கள்.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை உள்ளாட்சிகளுக்கு வழங்கி, கிராம சபைகளில் திட்டம் தீட்டும் பழக்கத்தை வளர்த்திருந்தது. அந்த அடித்தளத்தின் மேல்தான், வெள்ளத்திற்குப் பிறகு 'நம்மள் நமுக்காயி' என்ற இயக்கம் எழுந்தது. நமக்காக நாமே என்பது அதன் பொருள். 2020இல் மாநிலத்தின் 941 கிராம ஊராட்சிகளும் 87 நகராட்சிகளும் 6 மாநகராட்சிகளும் தத்தமது பேரிடர் மேலாண்மைத் திட்டங்களைத் தயாரித்தன. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நீர் நின்றது, எங்கே மண் சரிந்தது, படுத்த படுக்கையாக உள்ளவர்கள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள், யாரிடம் படகு இருக்கிறது என்ற விவரங்கள் ஊர் மக்களின் வாயிலிருந்து திட்டத்திற்குள் வந்தன. செயற்கைக்கோள் படம் இவற்றைச் சொல்லாது.

ஆனால் இத்துடன் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கொள்வது தவறு. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் மேப்பாடி ஊராட்சியில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியது. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வேரோடு அழிந்தன. ஊராட்சியிடம் திட்டம் இருப்பது ஒன்று. மழையின் அளவு எல்லை மீறும் இரவில் குடியிருப்பைக் காலி செய்ய ஆணையிடும் அதிகாரமும், அந்த மக்களைத் தங்கவைக்க இடமும் இருப்பது மற்றொன்று. மலைச்சரிவுகளில் கட்டுமானத்தையும் குவாரிகளையும் கட்டுப்படுத்துவதில் கேரளத்திலும் நிலத்தின் மீதான பேராசை பலமுறை வென்றிருக்கிறது. வெள்ளச் சமவெளிச் சட்டத்தைக் கேரளமும் இயற்றவில்லை. கலந்தாய்வு என்பது ஒருமுறை நடத்தி முடித்துவிடும் விழா அல்ல. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் திருத்தி எழுதப்பட வேண்டிய கணக்கு அது.

ஒடிசாவின் அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1999இன் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அதன்பின் கடலோரமெங்கும் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. ஊர்க் குழுக்கள் அவற்றைப் பராமரித்தன. தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் ஒத்திகை பார்த்தார்கள். 2013இல் பைலின் புயல் தாக்கியபோது ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் தந்தது. ஆனால் கதவைத் தட்டி முதியவரைத் தோளில் தூக்கிச் சென்றவர் பக்கத்து வீட்டுக்காரர்.

எதிர்வாதங்கள்

வெள்ளம் தொழில்நுட்ப விஷயம், ஆறு ஊராட்சி எல்லையோடு நிற்பதில்லை, ஒவ்வொரு ஊரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதையும் கட்ட முடியாது என்று அதிகாரிகள் கூறுவதுண்டு. ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது உண்மை. நீரியல் கணக்குகளை நிபுணர்களே போட வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் நிபுணரின் கணக்கில் ஓடும் நீர் வேறு, தரையில் ஓடும் நீர் வேறு. புதிய நெடுஞ்சாலை எந்த ஓடையை மறித்தது, எந்தப் பாலத்தடியில் குப்பை அடைத்தது, எந்தக் குளத்தின் கலிங்கு யாருடைய மதில்சுவருக்குள் போனது என்பதை அந்த ஊர்தான் அறியும். இந்த இரண்டு அறிவும் சந்திக்காத திட்டம் முதல் மழையிலேயே பொய்த்துப் போகும்.

இன்னொரு வாதம் கவனத்திற்குரியது. கிராம சபை என்பது சமத்துவபுரி அல்ல. அங்கே நிலவுடைமையாளரின் குரல் ஓங்குகிறது. தலித் குடியிருப்பின் குரல் அமுங்குகிறது. மேட்டு நிலத்தான் கரை கேட்பான். பள்ளத்து நிலத்தான் வடிகால் கேட்பான். மேல்மடை மக்களின் நலனும் கடைமடை மக்களின் நலனும் மோதும். இது உண்மையே. அதனாலேயே கலந்தாய்வு வேண்டாம் என்ற முடிவுக்கு வர முடியாது. மோதும் நலன்கள் வெளிப்படையாகப் பேசப்படாதபோது அவை பெத்துகாண்டியில் போல் நள்ளிரவு மண்வெட்டியால் தீர்க்கப்படுகின்றன. அல்லது தலைநகரில் செல்வாக்குள்ளவரின் தொலைபேசியால் தீர்க்கப்படுகின்றன. எனவே தாழ்நிலத்தில் வாழ்வோர், விவசாயத் தொழிலாளர், மீனவர், பெண்கள் ஆகியோருக்குத் திட்டக் குழுக்களில் உறுதியான இடம் இருக்க வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் அந்தச் சபைகளுக்குத் தயாராகிச் செல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பேரிடர் மேலாண்மைச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, நகர்ப்புற ஆணையங்களின் தலைமை மேயரிடம் தரப்பட வேண்டும். பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சி மன்றங்களுக்கு உடனுக்குடன் தேர்தல் நடத்த வேண்டும். தனி அதிகாரிகளின் ஆட்சி முடிவுக்கு வர வேண்டும். வார்டு குழுக்களும் மாவட்டத் திட்டக் குழுக்களும் உயிர்பெற வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பருவமழைக்கும் முன்னர் சிறப்பு கிராம சபையும் வார்டு சபையும் கூட்டப்பட வேண்டும். முந்தைய வெள்ளத்தின் நீர்மட்டக் குறிகள், வடிகால்களின் நிலை, வெளியேறும் வழிகள், உதவி தேவைப்படுவோர் பட்டியல் ஆகியவை அங்கே வைக்கப்பட வேண்டும். மழைக்குப் பின் மீண்டும் கூடி, சொன்னதும் நடந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, அணைகளிலிருந்து எவ்வளவு நீர் திறந்தால் எந்தெந்த ஊர்கள் எவ்வளவு மூழ்கும் என்ற வரைபடங்கள், கீழ்ப்பகுதி ஊராட்சிகளிடம் அவரவர் மொழியில் தரப்பட வேண்டும். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அவசரகாலச் செயல் திட்டத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. அது பொறியாளரின் மேசை இழுப்பறையில் கிடப்பதற்கானதல்ல. 2015 டிசம்பரின் அடையாற்று வெள்ளத்தைக் கண்ட தமிழ் வாசகர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

நான்காவதாக, நிதி. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்திற்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. இதில் 20 சதவீதம், அதாவது 32 ஆயிரம் கோடி ரூபாய், அபாயத் தணிப்புக்கானது. தணிப்பு என்பது ஓடையைத் தூர்வாருவது, சதுப்பு நிலத்தை மீட்பது, வடிகால் கட்டுவது போன்ற ஊர்மட்டப் பணி. எனவே அந்நிதியில் உறுதியான பங்கு உள்ளாட்சிகளுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். பேரிடரில் சிக்கிய வயநாட்டின் மறுகட்டமைப்புக்கு 529.50 கோடி ரூபாயை மானியமாக அன்றிக் கடனாகத் தந்து, அதையும் சில வாரங்களுக்குள் செலவழிக்கக் கெடு விதித்த ஒன்றிய அரசின் அணுகுமுறை மாற வேண்டும்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு மாநிலமும் வெள்ளச் சமவெளிச் சட்டம் இயற்ற வேண்டும். எல்லைக்கோடு முதலில் பெரும் கட்டுமானங்கள் மீது பாய வேண்டும், குடிசைகள் மீதல்ல. மறுவாழ்வும் சபையின் ஒப்புதலும் இன்றி எவரையும் வெளியேற்றக் கூடாது.

பருவநிலை மாறிவருகிறது. குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை இனி அரிதாக இராது. கரையை இன்னும் ஓரடி உயர்த்துவதால் மட்டும் அதை எதிர்கொள்ள முடியாது. எந்த நிலத்தில் ஆற்றுக்கு இடம் விடுவது, எந்தக் குடியிருப்பைக் காப்பது, யாருடைய இழப்பை யார் ஈடுசெய்வது என்பவையெல்லாம் அரசியல் முடிவுகள். அவற்றை மூடிய அறைக்குள் எடுத்தால், இழப்பு எப்போதும் குரலற்றவர் தலையில்தான் விழும்.

பெத்துகாண்டியின் கரையை அடைக்க மண் போதுமானதாக இருந்தது, ஆட்களும் இருந்தார்கள், நாட்களும் இருந்தன. கரையின் இருபுறத்து மக்களும் ஒன்றாக அமர ஒரு மேடை மட்டும் இல்லை. அந்த மேடையை ஒவ்வொரு ஊரிலும் அடுத்த மழைக்கு முன் அமைக்கக் கோரிப் போராடுவதே இன்றைய கடமை.